திருச்சியில் ஏறி பலாலியில் இறங்கி: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 19, 2025, வியாழன் – திருச்சி

இருட்டோடு பட்டுக்கோட்டையில் பஸ் ஏறி, தஞ்சாவூரில் மாறி, திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே வெயில் முதுகில் குத்தியது. நானும் அக்காவும்தான். அக்கா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. யாழ்ப்பாண நூலகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வடக்கே போக வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். இந்த மார்ச் 30ஆம் தேதி திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர் விமானம் தொடங்கியதும் அக்கா என்னிடம் கேட்கக்கூட இல்லை, "டிக்கெட் போடுடா" என்றார்.

மே மாதம் திறந்துவைத்த பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கு அப்போது பஸ்கள் மாறியிருக்கவில்லை. அதனால் பழைய நிலையத்திலிருந்தே புதுக்கோட்டை சாலை டவுன் பஸ் பிடித்தோம். அக்காவுக்கு மகளிர் இலவசப் பயணம், எனக்குப் 10 ரூபாய். நடத்துநர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏர்போர்ட்டா? மெயின் ரோட்டுலதான் இறக்கிவிடுவேன், அங்கேருந்து ஆட்டோ வெச்சுக்குங்க. அம்மாவை வெயில்ல நடக்க விடாதீங்க" என்று நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே எச்சரித்தார். இறங்கும்போது பெட்டியையும் ஒரு கை பிடித்தார்.

புதிய முனையத்தை நான் பார்ப்பது இதுதான் முதல் முறை. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்து, அந்த ஆண்டு ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்த கட்டடம். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 44 லட்சம் பேரையும், நெரிசலான ஒரு மணி நேரத்தில் 3,500 பேரையும் தாங்கும் கணக்கில் கட்டியிருக்கிறார்கள். 2009இல் வந்த பழைய முனையத்தில் மாமாவை சிங்கப்பூருக்கு ஏற்றிவிட வந்த நாட்கள் நினைவில் இருக்கின்றன. வாசலில் தோளோடு தோள் இடித்து நிற்போம். இங்கே தலைக்கு மேல் அவ்வளவு உயரம், அவ்வளவு வெளிச்சம். ஸ்ரீரங்கம் கோபுரத்தையும் கோலத்தையும் தழுவிய வண்ணங்களும் சுவரோவியங்களும் பார்க்கும் இடமெல்லாம். நம் ஊர்ப் பக்கத்தில் அரசு செலவில் இப்படி ஒரு கட்டடம் வந்திருக்கிறதே என்று மனசு நிறைந்தது.

ஆனால் உள்ளே நுழைவதற்கு முன் வெளியே கொஞ்ச நேரம் நின்றோம். திருச்சி விமான நிலையத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் புறப்பாட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அறந்தாங்கியிலிருந்து ஒரு வேன், பெரம்பலூரிலிருந்து ஒரு டெம்போ டிராவலர், காரைக்கால் நம்பர் பிளேட்டோடு ஒரு கார். பயணம் போகிறவர் ஒருவர், ஏற்றிவிட வந்தவர்கள் பத்துப் பேர். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது தெரிந்தும் வந்திருக்கிறார்கள். வேனின் பின்கதவைத் திறந்துவைத்து ஒரு பாட்டி டிபன் பாக்ஸிலிருந்து தயிர் சாதத்தை உருண்டை பிடித்து, குவைத் போகிற பேரன் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பையன். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து நெற்றியில் பூசிவிட்டார். கதவருகே நின்ற பாதுகாப்புப் படை வீரர் தமிழ்க்காரர் இல்லை. பையனின் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியவர், பாட்டி இன்னொரு தடவை அவன் கன்னத்தைத் தடவி முடிக்கும் வரை அதைத் திருப்பிக் கொடுக்காமல் பொறுமையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்களும் அவசரப்படுத்தவில்லை.

எங்கள் விமானம்தான் சதி செய்தது. செக்-இன் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருக்கும்போது, இன்றைக்கு விமானம் இல்லை, நாளைக்கு அனுப்புகிறோம் என்று அறிவித்தார்கள். காரணம் கேட்டால் 'செயல்பாட்டுக் காரணங்கள்'. தங்க இடம் கேட்டால் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு மணி நேரம் ஆகியும் சொல்லவில்லை. கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு எங்கள் வயசில் பாதிகூட இருக்காது. அத்தனை பேரின் கோபத்தையும் அவர் ஒருவரே வாங்கிக்கொண்டிருந்தார். முடிவெடுக்கிறவர் ஒருவர் வந்து நின்றிருந்தால் அந்த வரிசை பாதி அடங்கியிருக்கும்.

அந்த வரிசையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தோம். வெள்ளைச் சேலை, எழுபது வயசிருக்கும். பேச்சைக் கேட்டதுமே யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது. நாங்கள் புலம்பிக்கொண்டிருக்க, அவர் முகத்தில் மட்டும் மலர்ச்சி.

"எனக்கென்ன தம்பி, நல்லதாப் போச்சு. என்ர அக்கா இஞ்ச கொட்டப்பட்டு முகாமிலதான் இருக்கிறா. அவவோட இன்னொரு ராத்திரி இருந்திட்டு வாறன்."

கொட்டப்பட்டு, விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கேதான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 2021 வரை அகதிகள் முகாம் என்றே பெயர். அவருக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் பேருந்து நிலையம் பக்கம் 1,400 ரூபாய்க்கு ஒரு அறை எடுத்தோம்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம். மேட்டூர் 12ஆம் தேதி திறந்ததால் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் பஸ் போகும்போது மொத்த பஸ்ஸும் ஜன்னல் பக்கம் திரும்பியது. ராஜகோபுரத்தின் அடியில் நின்று 236 அடியையும் அண்ணாந்து பார்த்தபோது, நானூறு ஆண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்றதை 1987இல்தான் முடித்தார்கள் என்று அக்கா பாடம் நடத்தினார். ஒரு கடையில் 25 ரூபாய்க்கு டிகிரி காபி, நுரையோடு. அன்றைய எரிச்சல் அதோடு போயிற்று.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் விமான நிலையக் கதை ஒன்றை எடுத்துவிட்டார். போன அக்டோபர் 11ஆம் தேதி சார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, உள்ளே 141 பேர். எரிபொருளைத் தீர்ப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து பத்திரமாக இறங்கியது. "அன்னிக்கு இந்த ரோட்டுல வண்டியே நகரல சார். எல்லாரும் மேலயே பார்த்துக்கிட்டு நிக்கிறோம். எம் பொண்டாட்டி மாரியம்மனுக்கு முடிஞ்சு வெச்சா. உள்ள இருந்தவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது." சொல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி – திருச்சியிலிருந்து பலாலி

இன்று விமானம் உண்டு என்று காலையிலேயே குறுஞ்செய்தி வந்துவிட்டது. கொட்டப்பட்டு அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

பாதுகாப்புச் சோதனை, குடியகல்வு எல்லாம் இழுக்கவில்லை. குடியகல்வு அதிகாரி அக்காவிடம், "யாழ்ப்பாணத்துல யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். "யாரும் இல்லை, நூலகம் பார்க்கப் போறேன்" என்றதும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தபடி முத்திரை குத்தினார். உள்ளே ஒரு காபி 160 ரூபாய், இரண்டு இட்லி 190. இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த நிலையத்தை வாழவைப்பவர்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உடலுழைப்புக்குப் போகிறவர்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்புகிறவர் இந்த விலையைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வயிற்றைக் கட்டிக்கொள்வார். நாங்கள் அறையிலிருந்தே எலுமிச்சை சாதம் கட்டி வந்திருந்தோம். நாற்காலிகளில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பெரிய கண்ணாடிக்கு முன்னால் வாழை இலைப் பொட்டலங்கள் பிரிந்தன. ஊறுகாய் வாசனை பரவியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. எதிரே இருந்த கோலாலம்பூர் குடும்பம் எங்களுக்கு முறுக்கு நீட்டியது, பதிலுக்கு அக்கா எலுமிச்சை சாதத்தில் ஒரு பங்கு கொடுத்தார்.

கண்ணாடி வழியே ஓடுபாதை தெரிந்தது. கட்டடம் இவ்வளவு வளர்ந்தும் அது மட்டும் பழையபடி 2,480 மீட்டர்தான். அகன்ற பெரிய விமானங்கள் முழுப் பாரத்தோடு போய்வர இது போதாது. நீட்ட வேண்டும் என்ற பேச்சு பதினைந்து வருடத்துக்கு மேலாக நடக்கிறது. சுற்றிலும் பாதுகாப்புத் துறை நிலம், பட்டா நிலம், குடியிருப்புகள். அளப்பதும் கேட்பதும் கோப்பு நகர்வதுமாகவே காலம் போகிறது. 2018 அக்டோபரில் துபாய் கிளம்பிய விமானம் ஒன்று மேலெழும்பும்போது சுற்றுச்சுவரை இடித்துவிட்டு, அடிப்பாகம் சேதமான நிலையில் மும்பையில் போய் இறங்கியது. அந்தத் தவறு ஓடுபாதை நீளத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடுபாதை எங்கே முடிகிறது, சுவரும் சாலையும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது ஊருக்கே தெரிந்தது அன்றைக்குத்தான். முனையத்துக்குக் காட்டிய வேகத்தில் பாதியை ஓடுபாதைக்கும் காட்டியிருக்கலாம்.

எங்கள் விமானத்துக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. இறக்கை மேல் இரண்டு விசிறிகள் சுற்றும் ஏடிஆர் ரகச் சின்ன விமானம். முக்கால்வாசி நிரம்பியிருந்தது. அக்கா இடப்பக்க ஜன்னலில், நடைவழிக்கு இந்தப் பக்கம் நான், எனக்கு வலப்பக்க ஜன்னலில் அந்த அம்மா. புறப்பட்டுக் காது அடைப்பு விடுவதற்குள் அக்கா கத்தினார்: "டேய், அதிராம்பட்டினம்டா! அந்தா முத்துப்பேட்டை காடு!"

எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிற உப்பளங்கள், அதைத் தாண்டி அலையாத்திக் காட்டின் கரும்பச்சை, அப்புறம் கடல். நேற்றுக் காலையில் தூங்கி எழுந்த ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் மேற்கே பஸ்ஸில் போய், அதே ஊருக்கு மேலே பறந்து கிழக்கே போகிறோம். திருச்சியிலிருந்து பலாலிக்கு நேர்க்கோட்டில் இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. சென்னை இதைவிட எட்டம்.

அந்த அம்மா பேச ஆரம்பித்தார். சொந்த ஊர் மயிலிட்டி, பலாலி விமான நிலையத்தை அடுத்த கடலோர ஊர். "எங்கட ஐயா அந்தக் காலத்தில இதே பலாலியில ஏறித் திருச்சிக்கு வந்தவர். மத்தியானம் வெளிக்கிட்டா, பின்னேரம் மலைக்கோட்டையில நிப்பராம்." இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் அமைத்த விமானத் தளம் பலாலி. சுதந்திரத்துக்குப் பிறகு அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பயணிகள் விமானம் ஓடியது உண்மைதான். போர் வந்தது, எல்லாம் நின்றது. 1990இல், பலாலியும் மயிலிட்டியும் இருக்கிற வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். இந்த அம்மாவின் அக்காள் வள்ளத்தில் ஏறி ராமேசுவரம் போய்விட்டார். தங்கையான இவர் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்குமாக முகாம் முகாமாக அலைந்தார். இருபது வருடங்களுக்கு மேல் இருவரும் முகம் பார்க்கவில்லை.

"இறங்கேக்க வலப்பக்கம் பாருங்கோ தம்பி. கடற்கரை வளைஞ்சு ஒரு துறைமுகம் தெரியும். அதுக்கு இஞ்சால எங்கட வளவு."

விமானம் தாழ்ந்தது. சோளகக் காற்று பிடித்து ஆட்டியது. பனைகள், சிவப்பு மண், கூரை போன வீடுகளின் சுவர்கள், ஒரு வளைவில் படகுகள். அவர் விரல் ஜன்னலில் ஓர் இடத்தில் அப்படியே நின்றது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் எடுத்தார்.

பலாலி இப்போது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். 2019 அக்டோபர் 17ஆம் தேதி திறந்தார்கள். நாலு மாதம் ஓடி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி சென்னை விமானம் வந்தது. திருச்சியின் பிரம்மாண்டத்திலிருந்து வந்து இறங்குகிறவருக்கு இது ஒரு சிறிய கூடம். விமானத்திலிருந்து நடந்தே உள்ளே போனோம். குடிவரவு அதிகாரி எழுந்து நின்று, "வாங்கோ, வெயிலுக்க வந்திருக்கிறியள், முதல்ல இருங்கோ" என்று அக்காவுக்கு நாற்காலியைக் காட்டினார். பெட்டி கைக்கு வரப் பத்து நிமிடம். நம் ஒரு ரூபாய்க்கு இலங்கைப் பணம் மூன்று ரூபாய் முப்பது சதம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணம் டவுனுக்கு ஆட்டோ 2,000 ரூபாய் என்றதும் பகீரென்றது. நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஜூன் 21, சனி – யாழ்ப்பாணம்

காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும். இருவருக்குமாக 520 ரூபாய், இலங்கைக் காசு. கடைக்காரர் இடியப்பத் தட்டை நடுவில் வைத்து, தின்றதை எண்ணிக் காசு வாங்குகிறார். எண்ணுவதும் நாம் சொல்லுகிற எண்தான், அவர் சரிபார்ப்பதில்லை. அக்கா இதை ஊருக்குத் திரும்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நூலகத்தைப் பற்றி அக்கா தனியாக எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார், நான் விரித்து எழுதவில்லை. 1981இல் எரிந்தது, சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின, கட்டி எழுப்பி 2000களின் தொடக்கத்தில் திறந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம். வெள்ளைக் கட்டடத்தின் முன் சரஸ்வதி. உள்ளே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளால் ஒரு மேசைகூடக் காலியாக இல்லை. அதைப் பார்த்துத்தான் அக்காவுக்குக் கண் கலங்கியது.

நல்லூர் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். ஒரே ஒரு ரூபாய்! ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மத்தியான வெயிலில் மணலில் கால் வைக்க முடியவில்லை. வெளியே வந்ததும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஒன்று 150 ரூபாய். நார் கிடையாது. கத்தி கேட்டதற்கு விற்ற அம்மா தானே சீவித் தந்து, கை கழுவத் தண்ணீரும் ஊற்றினார். சேலம் மல்கோவாவுக்காகச் சண்டை போடுகிற ஆள் நான். இனி கொஞ்சம் அடக்கி வாசிப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு – மயிலிட்டி

அந்த அம்மா விமானத்திலேயே அழைத்திருந்தார், மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். மயிலிட்டித் துறைமுகத்தையும் அதை ஒட்டிய நிலத்தையும் 2017 ஜூலையில் மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள், இருபத்தேழு வருடம் கழித்து. அவர் வளவில், அதாவது வீட்டு மனையில், ஒரு பகுதி கிடைத்தது. வீடு அடித்தளம் மட்டும் மிச்சம். கிணற்றைத் தூர்வாரி, இரண்டு அறையில் ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறார். மீதி நிலம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்.

சாப்பாடு: குத்தரிசிச் சோறு, விளைமீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பால் கறி, மாங்காய்ச் சம்பல். கறித்தூளின் காரத்துக்கு எனக்கு மூக்கில் நீர் வந்தது. "தண்ணி குடிக்காதேங்கோ, சோறு சாப்பிடுங்கோ, அடங்கும்" என்றார். அடங்கியது.

சாப்பிட்டுவிட்டு வேலி ஓரமாக நடந்தோம். வேலிக்கு உள்ளே இருபதடிக்குள் ஒரு பலா மரம், கிளை முறிந்தும் காய்த்திருந்தது. "எங்கட அம்மா வைச்சது." பறிக்க முடியாது. விமான நிலையத்தை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள் என்று இங்கே அவ்வப்போது பேச்சு வருகிறதாம். "பிளேன் வரட்டும் தம்பி, வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? பிளேன் வந்தபடியால்தானே அக்காவைப் பாத்தனான். ஆனா எங்கட காணியைக் கேட்டு எடுக்கட்டும், காசு தந்து எடுக்கட்டும்."

திருச்சி ஓடுபாதைப் பக்கம் நிலம் வைத்திருக்கிறவர்கள் சொல்வதும் இதைத்தான். விமானம் வேண்டாம் என்று அங்கேயும் யாரும் சொல்வதில்லை. விலை சரியாக இல்லை, மாற்று இடம் எங்கே, எப்போது முடிப்பீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். விமான நிலைய வளர்ச்சி என்று பேசும்போது கட்டடப் படம்தான் செய்தித்தாளில் வருகிறது. வேலிக்கு வெளியே இருக்கிறவர்களிடம் நேர்மையாகப் பேசி முடிக்கிற வேலைதான் கடினமானது. அதை முதலில் செய்கிற ஊரில்தான் ஓடுபாதை நீளும்.

கிளம்பும்போது ஒரு பொதியை எங்கள் கண் முன்னாலேயே கட்டினார். பனம்பழக் கூழைக் காயவைத்த பனாட்டு இரண்டு அடுக்கு, ஓலைப் பெட்டியில் கருப்பட்டி வைத்த பனங்கட்டிக் குட்டான்கள், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு பை. கொட்டப்பட்டில் இருக்கும் தன் அக்காவிடம் கொடுக்க.

ஜூன் 24, செவ்வாய் – திருச்சி

திரும்பும் விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. கால்வாசி இருக்கைகள் காலி. அது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆள் ஏறாவிட்டால் இந்தத் தடத்தை ஒரு நாள் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள். டெல்டாக்காரர்களும் புதுக்கோட்டைக்காரர்களும் இலங்கை போக சென்னைக்கோ கொழும்புக்கோ அலைவதை விட்டு ஒரு தடவை இதில் போய் வாருங்கள்.

வருகைப் பகுதியில், கொழும்பிலிருந்து சற்று முன்னால் வந்த விமானத்தின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். குருவிகள் என்று ஊரில் சொல்லுகிறவர்கள் சிலரும் அதில் இருந்திருக்கலாம். கூலிக்குச் சரக்கு சுமந்து போய் வருகிறவர்கள். அகப்பட்டால் ஜெயிலுக்குப் போவது அவர்கள்தான், சரக்குக்காரர் வெளியே இருப்பார். திருச்சி என்றாலே தங்கம் பிடிபட்ட செய்திதான் என்று ஆகிவிட்டதால் சுங்கத்தில் கெடுபிடி அதிகம். எங்கள் பொதியையும் ஓர் அதிகாரி திறக்கச் சொன்னார். கறுப்பாக, தடிமனாக, தோல் மாதிரி மடிந்து கிடந்த பனாட்டைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. ஸ்கேனரில் ஒரு தடவை, கையில் ஒரு தடவை. அப்புறம் ஓரத்தை முகர்ந்து பார்த்தார்.

"பனம்பழமா?"

"ஆமா சார், காயவெச்சது."

"எங்க பாட்டி செய்வாங்க. ராமநாதபுரம் பக்கம்." தானே மறுபடி தாளில் சுற்றி, சணலையும் பழையபடி முடிந்து கொடுத்தார். பின்னால் அத்தனை பேர் காத்திருக்கும்போது அந்த முடிச்சைப் போட அவர் எடுத்துக்கொண்ட அரை நிமிடத்தை நான் மறக்கமாட்டேன்.

வெளியே அனல். முனைய வாசலிலிருந்து கொட்டப்பட்டுக்கு ஆட்டோ 120 ரூபாய். வெளியாட்கள் முகாமுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும் என்பதால் ஃபோன் போட்டோம், மயிலிட்டி அம்மாவின் அக்காவான பாட்டி சாலையோர டீக்கடைக்கே வந்துவிட்டார். தங்கை முகம் அப்படியே, இன்னும் ஏழெட்டு வயசு கூட. பொதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பனாட்டில் ஒரு விள்ளலைக் கிள்ளி எங்கள் இருவர் கையிலும் வைத்தார். இனிப்பும் புளிப்பும் லேசான கசப்புமாக, பல்லில் ஒட்டியது.

அக்கா கேட்டார், "நீங்க ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம்ல?"

பாட்டி வள்ளத்தில் வந்தவர், பாஸ்போர்ட் கிடையாது. சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் காகிதம் வாங்க வேண்டும், இங்கே வெளியேற அனுமதி வாங்க வேண்டும். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. மகனும் பேரப்பிள்ளைகளும் இங்கே. பேரப்பிள்ளைகள் திருச்சியில் பிறந்தவர்கள், ஒருவன் எலெக்ட்ரீஷியன். இங்கே பிறந்த அவர்களுக்கும் குடியுரிமை இல்லை. பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. பேச்சு இரண்டு நொடி நின்று தொடர்ந்தது. அங்கே எல்லாருக்கும் அந்த இடைவெளி பழகிப்போயிருக்கிறது.

44 லட்சம் பேருக்கான முனையம் இவர் வீட்டுப் பக்கத்தில் நிற்கிறது. சொந்த ஊருக்குப் போகும் விமானம் தலைக்கு மேல் போகிறது. ஏற முடியவில்லை. ஓடுபாதை நீளட்டும், புதிய ஊர்களுக்கு விமானம் வரட்டும், நானும் ஆசைப்படுகிறேன். கூடவே இந்தப் பாட்டிக்குப் போய்வர ஒரு காகிதம் கிடைக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் இந்த மண்ணில் இருந்தவருக்கு, போய்விட்டுத் திரும்பி வர அனுமதி என்பது இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்.

"மனு குடுத்திருக்கு தம்பி. மகன் ஒவ்வொரு மாசமும் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாறான்" என்றார். விமான டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரன் குடுப்பான்" என்றார். டீக்குக் காசு கொடுக்க எங்களை விடவில்லை. மூன்று டீ, 45 ரூபாய்.

பலா மரம் காய்த்திருப்பதை அக்கா சொன்னார். எத்தனை காய் என்று பாட்டி கேட்டார். அக்கா எண்ணியிருந்தார்: பதினொன்று.